வரலாற்று நடையும் மொழித் தேர்வும்: பெங்களூர்ச் சிவாஜிநகரை முன்வைத்து

1. முன்னுரை

பழமை வாய்ந்த நகரொன்றை நடந்து கண்டறிய விரும்புவோர், தம்மை அழைத்துச் செல்லும் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நேரம், கட்டணம், காணும் இடங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையே பெரும்பாலும் நோக்குகின்றனர். வழிகாட்டி எம்மொழியில் பேசுகிறார், எம்மொழிகளைப் படிக்க வல்லவர், ஊர்ப்பெயர்க்கும் தெருப்பெயர்க்கும் அவர் தரும் விளக்கம் எத்தகையது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. பன்மொழி வழங்கும் நகரில் இவ்வினாக்களே முதன்மையானவை. ஒரு மொழியின் வழியாக மட்டும் சொல்லப்படும் நகர வரலாறு, அம்மொழியினர் எழுதி வைத்தவற்றின் வரலாறாகச் சுருங்கிவிடுகிறது.

பெங்களூரின் சிவாஜிநகர் இதற்குத் தக்க சான்றாகும். தமிழ், கன்னடம், தக்கணி உருது, தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளும் இரு நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று உரசி வாழும் பகுதி இது. இங்கு நடத்தப்படும் வரலாற்று நடைகளில் எதனைத் தெரிவது, எவ்வளவைகளால் தெரிவது என்பதை மொழியியல், மொழிபெயர்ப்பியல் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வழிகாட்டலின் மரபு

வழிகாட்டல் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையின. பரிசில் பெற்று மீண்டவன், பெறாதவனை எதிர்ப்பட்டு, செல்லும் வழியையும் அவ்வழியில் வாழும் மக்களையும் அவர்கள் தரும் உணவையும் எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவது அவ்வகையின் அமைப்பு. மலைபடுகடாம் வழியின் சிறப்பைக் கூறுவதோடு அமையாது, அதன் இடர்களையும் விரித்துரைக்கிறது. வழி கூறுபவன் தான் நடந்து அறிந்த வழியையே கூறுகிறான். இனியதை மட்டும் தெரிந்து கூறுவதில்லை. இவ்விரு பண்புகளும் இன்றைய வழிகாட்டிக்கும் பொருந்தும் இலக்கணம் எனலாம்.

ஐரோப்பிய மரபு வேறு வகையில் வளர்ந்தது. 1841இல் தாமஸ் குக் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு இரயிலில் கூட்டமாகப் பயணிகளை அழைத்துச் சென்றது, ஏற்பாடு செய்யப்பட்ட சுற்றுப்பயணத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. இலண்டன் ஜான் மர்ரே பதிப்பகத்தார் 1859இல் வெளியிட்ட இந்தியக் கையேட்டின் முதற்பகுதி சென்னை மாகாணத்தைப் பற்றியது. எட்வர்டு ஈஸ்ட்விக் என்பவரால் தொகுக்கப்பட்டது. பயணிகள், படை அலுவலர், குடிமைப் பணியாளர் ஆகியோருக்காக எழுதப்பட்ட அந்நூலில் இந்தியப் பேச்சுமொழிகளின் சொற்பட்டியல்களும் உரையாடல்களும் சேர்க்கப்பட்டிருந்தமையை அதன் நீண்ட தலைப்பே அறிவிக்கிறது. ஊரைக் காட்டும் நூலும் மொழியைக் கற்பிக்கும் நூலும் அன்று ஒரே அட்டைக்குள் இருந்தன. பின்னாளில் இவை பிரிந்தன; பயணக் கையேட்டிலிருந்து உள்ளூர் மொழி மெல்ல விலகியது.

அமெரிக்க நாட்டினரான ஃப்ரீமன் டில்டன் 1957இல் வெளியிட்ட நூல், மரபிடங்களைப் பார்வையாளருக்கு விளக்கும் பணியைத் தனித் துறையாக நிலைநிறுத்தியது. அப்பணிக்கு அவர் ஆண்ட ஆங்கிலச் சொல், வாய்மொழியாக மொழிபெயர்த்தலையும் குறிக்கும் சொல்லே ஆகும். இவ்விரு பொருளுக்கும் தமிழில் இருவேறு சொற்கள் வேண்டியிருப்பதால், அவற்றிடையே உள்ள உறவு நமக்கு எளிதில் புலப்படுவதில்லை. நினைவுச் சின்னங்களுக்கும் வரலாற்றிடங்களுக்குமான அனைத்துலக மன்றம் 2008இல் ஏற்றுக்கொண்ட விளக்க நெறிப் பட்டயம், விளக்கம் சான்றுகளின் அடிப்படையில் அமைதல் வேண்டும் எனவும், ஓரிடத்தின் வரலாற்றில் பங்கு கொண்ட எல்லாக் குழுவினரையும் கருதுதல் வேண்டும் எனவும் வலியுறுத்துகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இந்நெறி புதிதன்று. மூலத்துக்கு உண்மையாக இருத்தல் என்பதன் மறுவடிவமே இது.

3. இரட்டை நகரம்

பெங்களூர் நெடுங்காலம் ஒரு பெயரும் இரு உடலுமாக இருந்த நகரம். முதலாம் கெம்பே கௌடர் 1537இல் அமைத்ததாகக் கொள்ளப்படும் பேட்டை ஓர் உடல். 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து அகற்றி, அலசூரை அடுத்து நிறுவிய தண்டுப் பகுதி, அதாவது கண்டோன்மெண்ட், மற்றோர் உடல். 1881இல் மைசூர் அரசு உடையார் மரபினர்க்குத் திருப்பி அளிக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி குடிமை இராணுவ நிலையம் என்னும் பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்தது. 1947இல்தான் அது மைசூர் அரசிடம் மீண்டது. இரு நகராட்சிகளும் இணைந்து 1949இல் ஒரே மாநகராட்சி ஆயின.

தண்டுப் பகுதியின் படை சென்னைப் படையாதலால், அதனுடன் தமிழ் மக்கள் பெருந்திரளாக வந்தனர். சிப்பாய்கள், படைக்குப் பொருள் வழங்குவோர், கட்டட ஒப்பந்தக்காரர், கொத்தர், வண்டிக்காரர், வீட்டுப் பணியாளர் எனப் பல நிலையினர் அவருள் அடங்குவர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்ட் வரை இரயில் பாதை திறக்கப்பட்டபின் இவ்வரவு மேலும் எளிதாயிற்று. பேட்டையில் கன்னடமும் தெலுங்கும் மேலோங்கி நிற்க, தண்டுப் பகுதியின் கடைத்தெருவில் தமிழும் தக்கணியும் நடைமுறை மொழிகளாயின. அத்தண்டுப் பகுதியின் உள்நாட்டார் குடியிருப்பும் கடைத்தெருவுமாக வளர்ந்த இடமே இன்றைய சிவாஜிநகர்.

எனினும் பெங்களூர் வட்டாரத்தில் தமிழின் வரலாற்றை 1809இலிருந்து தொடங்குவது பிழையாகும். தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் அவ்வூர் தொம்பலூர் எனவும் தேசிமாணிக்கப்பட்டணம் எனவும் குறிக்கப்படுகிறது. மடிவாளச் சோமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றைய பேகூரை வேப்பூர் என்றும், தாவரெகெரெயைத் தாமரைக்கரை என்றும் வழங்குகின்றன. பெங்களூரில் பிறந்தவரான பி. லூயிஸ் ரைஸ் தொகுத்து 1905இல் வெளிவந்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதியின் ஒன்பதாம் பகுதி, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளுக்கு உரியது. அதே பேகூரில் ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்த கன்னட நடுகல் ஒன்று பெங்களூர் என்னும் பெயரைக் குறிப்பிடுகிறது. வேக வைத்த பயறு தந்த கிழவியின் நினைவாக வீர பல்லாளன் ஊருக்குப் பெயரிட்டான் என்னும் கதையை வழிகாட்டிகள் பலரும் விரும்பிச் சொல்வர். அம்மன்னனுக்கு மூன்று நூற்றாண்டு முற்பட்ட கல்லில் அப்பெயர் இருப்பதைச் சேர்த்துச் சொல்பவரே ஆய்வு நோக்குடையவர்.

4. ஒரு பெயரும் மூன்று விளக்கங்களும்

சிவாஜிநகரின் முந்தைய பெயர் ஆங்கிலப் பதிவுகளில் பிளாக்பள்ளி என்பதாகும். இப்பெயருக்கு வழங்கும் விளக்கங்களுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. வெள்ளை அரிசி விளைந்த ஊர் என்னும் பொருளில் 'பிளி அக்கி' என்ற கன்னடத் தொடரிலிருந்து வந்தது என்பது ஒன்று. வெண்ணிறப் பறவைகள் தங்கிய ஊர் என்னும் பொருளில் 'பிளி ஹக்கி' என்பதிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. தண்டுப் பகுதியின் அமைப்பை வரைந்தவராகக் கூறப்படும் சென்னைப் பொறியாளர் படையின் ஜான் பிளாகிஸ்டன் பெயரால் அமைந்தது என்பது மூன்றாவது. இப்பிளாகிஸ்டன் 1806 வேலூர்க் கிளர்ச்சியின்போது கோட்டை வாயிலைத் தகர்த்த பொறியாளராகவும், 1829இல் தம் படை நினைவுகளை நூலாக வெளியிட்டவராகவும் அறியப்படுபவர்.

மூன்றனுள் எது சரி என்று அறுதியிடுவதைவிட, ஒவ்வொன்றும் எவ்வகைச் சான்றை வேண்டி நிற்கிறது என்று காட்டுவதே மொழியியலார்க்குப் பயன்படும். 'பிளி' என்னும் கன்னடச் சொல் தமிழ் 'வெள்' என்பதன் இனச்சொல். தமிழில் மொழிமுதல் வகரம் நிற்குமிடத்தில் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரம் நிற்பது இரு மொழிக்கும் இடையிலுள்ள வழக்கமான ஒலி ஒப்பீடு. 'அக்கி' என்பது தமிழ் 'அரிசி'யோடு இனமுடையது. பேட்டையில் உள்ள அக்கிப்பேட்டையின் பெயரிலும் அதுவே நிற்கிறது. 'பிளியக்கி' என்னும் தொடரில் முதலசையின் உயிர் குறைந்து, ஆங்கிலச் செவியில் 'பிளாக்' என விழுந்திருத்தல் ஒலியியற்படி இயலக்கூடியதே. அவ்வாறாயின், வெண்மையைக் குறித்த சொல் கருமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக மாறியுள்ளது. உள்நாட்டார் வாழும் பகுதியைக் கருமையோடு சேர்த்துப் பெயரிடும் ஆங்கில வழக்கம் சென்னையில் முன்னரே நிலவியமையால், அம்மாற்றம் ஆங்கிலேயர் காதுக்கு இயல்பாகவே ஒலித்திருக்கும்.

பெயரின் பின்பகுதி மேலும் கருதத்தக்கது. பழங்கன்னடத்தின் மொழிமுதல் பகரம் ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டு முதல் ஹகரமாக மாறத் தொடங்கிப் பின்னர் முழுமையுற்றது. பால் என்பது ஹாலு எனவும், பல் என்பது ஹல்லு எனவும், பள்ளி என்பது ஹள்ளி எனவும் ஆயின. ஆகவே 1809இல் கன்னடம் பேசுவோர் நாவில் இவ்வூர்ப்பெயர் 'ஹள்ளி' என முடிந்திருத்தல் வேண்டும். ஆங்கிலேயர் 'பள்ளி' என எழுதியமை, அப்பெயரை அவர்கள் தமிழரிடமிருந்தோ தெலுங்கரிடமிருந்தோ கேட்டனர் என்பதைக் காட்டுவதாகக் கொள்ளலாம். இதனோடு அலசூரை ஒப்பிடுதல் தகும். கன்னடத்தில் ஹலசூரு என்னும் அப்பெயர், பலாவைக் குறிக்கும் 'ஹலசு' என்னும் சொல்லோடு தொடர்புடையது. தமிழர் அதனைப் பலவூர் என மாற்றாமல், ஹகரத்தை மட்டும் நீக்கி அலசூர் என்றனர். அதாவது, முன்பே நிலைபெற்றிருந்த ஊரின் பெயரைக் கன்னடர் வாயிலிருந்து கடன் வாங்கினர். தாம் குடியேறிப் பெருக்கிய ஊரின் பின்னொட்டைத் தம் மொழி வடிவிலேயே வழங்கினர். இரு பெயர்களின் முதலெழுத்துகள் இரு வகைக் குடியேற்ற உறவைச் சுட்டி நிற்கின்றன.

இங்கு மொழிபெயர்ப்பாளர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழில் 'பள்ளி' சிற்றூரையும், சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்தையும், கல்விக்கூடத்தையும் குறிக்கும். பள்ளிவாசல் என்னும்போது தொழுகையிடத்தையும் குறிக்கும். மசூதிகளும் பாடசாலைகளும் நிறைந்த இப்பகுதியின் பழம்பெயரை வேற்றுமொழியில் விளக்கும்போது, இன்று பெருவழக்காக உள்ள பொருளைப் பழம்பெயர்மேல் ஏற்றிவிடும் பிழை எளிதில் நிகழக்கூடும்.

விடுதலைக்குப்பின் இப்பகுதி சிவாஜிநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பிஜாப்பூர்ச் சுல்தானியரின் படை 1638இல் பெங்களூரை வென்றபின் அது ஷாஜி போன்ஸ்லேயின் ஆளுகைக்கு வந்தது. அவர் மகன் சிவாஜி சிறுவயதில் சில காலம் இங்குத் தங்கியிருந்தார். மற்றொரு மகன் வெங்கோஜி தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். 1687இல் பெங்களூர் முகலாயர் வசமாகி, மூன்று லட்சம் ரூபாய்க்கு மைசூரின் சிக்கதேவராஜ உடையாரிடம் கைமாறியது. ஆயின் இவ்வரலாறு பேட்டைக்கும் கோட்டைக்கும் உரியது; தண்டுப் பகுதி உருவாகும் முன்னரே முடிந்துபோனது. ஓரிடத்தின் பெயர் வேறோரிடத்தின் வரலாற்றை நினைவூட்டுவது பெயர் மாற்றங்களில் பொதுவாகக் காணப்படுவதே. அதனை எடுத்துக் கூறாமல், சிவாஜிநகர் என்னும் பெயரைக் கொண்டே அப்பகுதியின் பழமையை விளக்க முற்படும் நடை, காலத்தைக் குழப்பும்.

5. தெருப்பெயர்களில் படிந்த மொழிகள்

பேட்டையின் பெயர்கள் பெரும்பாலும் தொழிலையும் சரக்கையும் சுட்டும். அரிசிக்கு அக்கிப்பேட்டை, தானியத்துக்குத் தரகுப்பேட்டை என அவை அமைகின்றன. தண்டுப் பகுதியின் பெயராக்க முறை முற்றிலும் வேறானது. இன்ஃபன்ட்ரி சாலை, கேவல்ரி சாலை, பிரிகேட் சாலை முதலியன படைப்பிரிவுகளால் பெயர் பெற்றவை. நாராயண பிள்ளை தெரு, வீரபிள்ளை தெரு போன்றவை மனிதர்களால் பெயர் பெற்றவை. தர்மராஜா கோயில் தெரு போன்றவை வழிபாட்டிடத்தால் பெயர் பெற்றவை. முதல் வகை ஆளுவோர் வரைபடத்திலிருந்தும், பின்னிரு வகைகளும் குடியிருப்போர் வாழ்விலிருந்தும் பிறந்தவை எனலாம்.

'கோயில்' என்னும் தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்துப் பெயர்ப்பாக இத்தெருப்பெயர்களில் நிலைத்துவிட்டமை நோக்கத்தக்கது. கன்னடத்தில் இவ்விடத்தில் 'குடி' அல்லது 'தேவஸ்தான' என்னும் சொல் வரவேண்டும். பேட்டையிலும் தர்மராய சுவாமிக்குக் கோயில் உண்டு. பெங்களூர்க் கரக விழா அங்கிருந்தே புறப்படுகிறது. அவ்விழாவை நடத்தும் திகளர் சமூகத்தின் பெயர், தமிழரைக் குறிக்கக் கன்னடத்தில் வழங்கிய பழஞ்சொல்லே ஆகும். ஆக, பாண்டவரையும் திரௌபதியையும் வழிபடும் மரபு தமிழகத் தொடர்புடைய மக்களால் நகரின் இரு உடல்களிலும் வேரூன்றியுள்ளது. ஒன்று கன்னட நாட்டுப் பெருவிழாவாக ஏற்கப்பட்டது. மற்றொன்று ஒரு தெருவின் பெயராக ஒடுங்கியது. இவ்விரு கோயில்களையும் ஒப்பிட்டுக் காட்டும் நடை, நகரின் சமூக வரலாற்றையே காட்டியதாகும்.

பெயர் மாற்றங்கள் வேறு வகைச் சான்று. கேவல்ரி சாலை காமராஜர் சாலை ஆயிற்று. சௌத் பரேடு 1948இல் மகாத்மா காந்தி சாலை ஆயிற்று. பழம்பெயரும் புதுப்பெயரும் மக்கள் பேச்சில் உடன் வாழ்வதால், ஒருவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதிலிருந்தே அவர்தம் தலைமுறையை ஓரளவு உய்த்துணரலாம். 2024இல் கர்நாடக அரசு இயற்றிய சட்டத் திருத்தம், பெயர்ப்பலகைகளில் அறுபது விழுக்காடு கன்னடம் இடம்பெற வேண்டும் என விதித்தது. மாநில மொழிக்குரிய இடத்தை உறுதி செய்யும் இவ்விதி அதன் அளவில் நியாயமுடையதே. பலகைகள் மாற்றப்படுமுன் பழைய பன்மொழிப் பலகைகளைப் படமெடுத்துப் பதிவு செய்தல், மொழி நிலத்தோற்ற ஆய்வில் ஈடுபடுவோரின் உடனடிக் கடமையாகிறது.

6. மூன்று நிறுத்தங்கள்

சிவாஜிநகரில் நடத்தப்படும் எந்த நடையும் தவறாது நிற்கும் இடம் தூய மரியாள் பேராலயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காணிக்கை மாதா ஆலயம் என்னும் பெயருடன் கூரைக் கொட்டகையாக இருந்த சிற்றாலயத்திலிருந்து அது வளர்ந்தது. கோத்திக் பாணியில் அமைந்த இன்றைய கட்டடம் 1875இல் தொடங்கி 1882இல் நிறைவுற்றது. 1973இல் பேராலயத் தகுதி பெற்றது. செப்டம்பர் 8ஆம் நாள் ஆரோக்கிய அன்னை திருவிழாவுக்குக் காவி ஆடை உடுத்துத் திரளும் மக்களிடையே, வேளாங்கண்ணி வழிபாட்டின் சாயலும் தமிழ்ச் செபங்களின் ஒலியும் இன்றும் உண்டு.

இவ்வாலயத்தின் தொடக்க வரலாற்றில் வரும் பிரெஞ்சுக் குரு ஆபே துபுவா, இந்தியரின் பழக்கவழக்கங்கள் பற்றிய நூலால் உலகப் புகழ் பெற்றவர். வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்நூலோடு நின்றுவிடுவர். அவர் 1826இல் பாரிசில் வெளியிட்ட பஞ்சதந்திரக் கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புத் தொகுதியில் பரமார்த்த குருவின் கதையும் இடம்பெற்றுள்ளது. வீரமாமுனிவரோடு இணைத்து அறியப்படும் அத்தமிழ் நகைச்சுவை, ஐரோப்பிய வாசகரைச் சென்றடைந்த வழிகளுள் ஒன்று இத்தொகுதி. மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு இப்பேராலயத்தின் கோபுர உயரத்தைவிட இச்செய்தி நெருக்கமானது. ஒரே இடத்தைப் பற்றிக் கட்டடக் கலைஞரும் பக்தரும் மொழிபெயர்ப்பாளரும் கேட்க விரும்புவன வெவ்வேறு. வருபவர் யாரென வினவி, அதற்கேற்பச் செய்தி தெரியும் வழிகாட்டியே தேர்ந்தவர்.

அடுத்த நிறுத்தம் ரஸ்ஸல் சந்தை. 1927இல் கட்டப்பட்டு, நகராட்சி ஆணையர் ரஸ்ஸல் பெயரைத் தாங்கிய இச்சந்தை, 2012 பிப்ரவரியில் நிகழ்ந்த தீவிபத்தில் பெரும் சேதமுற்றது. இங்கு மொழிமாற்றம் ஏட்டுச் செய்தியாக இல்லாமல் காதில் விழும் நிகழ்வாக உள்ளது. விற்பவர் வாங்குபவரின் முகத்தையும் உடையையும் நோக்கி மொழியைத் தெரிகிறார். பதில் வரும் மொழியை அறிந்து அடுத்த வாக்கியத்தில் அதற்கு மாறுகிறார். விலை ஒரு மொழியிலும், சரக்கின் பெயர் மற்றொரு மொழியிலும், நட்பு விளி மூன்றாவது மொழியிலும் அமைதல் இயல்பு. இருமொழியாளரைக் குறித்த 'துபாஷி' என்னும் சொல், கும்பினியார் காலத்தில் பதவிப் பெயராயிற்று. இச்சந்தையிலோ துபாஷித் தொழிலைக் கூடையில் காய் சுமப்பவரும் செய்கிறார். உரத்த குரலில் ஆங்கில உரை நிகழ்த்தி இவ்வொலிகளை மூடிவிடும் வழிகாட்டி, காட்ட வந்ததையே மறைப்பவராவார்.

மூன்றாவது நிறுத்தம் ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரின் நினைவைத் தாங்கும் இடங்கள். 1864 முதல் 1868 வரை கட்டப்பட்ட அட்டாரா கச்சேரிக்கு அவர் ஒப்பந்தக்காரராக இருந்தார். பதினெட்டு அரசுத் துறைகள் அங்கு இயங்கியமையால், இந்துஸ்தானியில் பதினெட்டைக் குறிக்கும் சொல் அக்கட்டடத்துக்குப் பெயராயிற்று. இன்று அது கர்நாடக உயர்நீதிமன்றம். 1873இல் எளிய மக்களின் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளி, அவர் பெயரின் முதலெழுத்துகளால் ஆர்.பி.ஏ.என்.எம். எனச் சுருங்கி வழங்குகிறது. சுருக்கப் பெயர் ஒன்றில் ஓர் ஊரும் ஒரு மனிதரும் ஒரு சமூகத்தின் இடப்பெயர்ச்சியும் மறைந்து கிடக்கின்றன. அதனை விரித்துச் சொல்லுதல் வழிகாட்டியின் பணி.

7. சொல்லப்படாதவை

வரலாற்று நடைகள் மகிழ்ச்சிக்காக மேற்கொள்ளப்படுவதால், கசப்பான நிகழ்வுகள் அவற்றில் இடம்பெறுவது அரிது. 1898இல் நகரைத் தாக்கிய பிளேக் நோய் ஓரளவு பேசப்படுகிறது; அதன்பின் எழுந்த புதிய குடியிருப்புகள் கண்ணுக்குத் தெரிவதே காரணம். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து நிகழ்ந்த கலவரத்தில் பெங்களூர்த் தமிழர் தாக்கப்பட்டமை பேசப்படுவதில்லை. அதே ஆண்டு அலசூர் ஏரிக்கருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று தமிழக, கர்நாடக முதலமைச்சர்களான மு. கருணாநிதி, பி.எஸ். எடியூரப்பா ஆகிய இருவரும் கலந்துகொண்ட விழாவில் அது திறக்கப்பட்டது. சில நாள்களில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. இரு மொழிகளின் அறநூலோரை மாற்றிக்கொண்ட இந்நிகழ்வு, மொழிபெயர்ப்பின் அரசியல் வடிவம் எனத் தகும்.

பெயர்களின் வலிமை இன்றும் குன்றவில்லை. 2025 செப்டம்பரில் பேராலயத் திருவிழாவின்போது, அப்போது கட்டப்பட்டு வந்த சிவாஜிநகர் மெட்ரோ நிலையத்துக்குத் தூய மரியாள் பெயரிடப் பரிந்துரைப்பதாகக் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா கூறினார். மகாராட்டிர முதலமைச்சர் தேவேந்திர ஃபட்நவிஸ் அதனை எதிர்த்தார். பிளாக்பள்ளி என்னும் பெயரை மீட்கவேண்டும் என்னும் குரல் இவ்விவாதத்தில் முதன்மை பெறவில்லை. ஒரு பகுதியின் மிகப் பழைய பெயரே அதனைக் காக்க வருவோர் குறைந்த பெயராகவும் இருத்தல் ஊர்ப்பெயர் ஆய்வு காட்டும் உண்மைகளுள் ஒன்று.

8. தேர்வுக்குரிய அளவைகள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில், பன்மொழி நகரொன்றில் வரலாற்று நடையைத் தெரிவதற்கு நான்கு அளவைகளை வகுக்கலாம்.

முதலாவது, படிப்பறிவு. வழிகாட்டி எம்மொழியில் பேசுகிறார் என்பதைக் காட்டிலும், வழியிலுள்ள எழுத்துகளுள் எவற்றைப் படிக்க வல்லவர் என்பதே முதன்மையானது. சிவாஜிநகரில் தமிழ், கன்னடம், உருது ஆகிய மூன்று எழுத்துகளையும் ஒருவரே அறிந்திருத்தல் அரிது. அறிந்தவரைத் துணை சேர்த்துக்கொள்ளும் அமைப்பு விரும்பத்தக்கது.

இரண்டாவது, பாட வேறுபாட்டைப் பேணும் நேர்மை. தமிழ் உரையாசிரியர்கள் தாம் கொண்ட பொருளைக் கூறியபின், வேறு பொருள் கொள்வாரும் உளர் என்று குறிக்கத் தவறார். ஊர்ப்பெயர்க்கு ஒரே கதையை உறுதியாகக் கூறும் வழிகாட்டியைவிட, மூன்றையும் கூறி அவற்றின் வலிவு மெலிவுகளைக் காட்டும் வழிகாட்டி நம்பத்தக்கவர்.

மூன்றாவது, வழியின் எல்லை. கட்டடங்களை மட்டும் இணைக்கும் வழி ஆளுவோர் வரலாற்றையும், உணவுக் கடைகளை மட்டும் இணைக்கும் வழி சுவையின் வரலாற்றையும் தரும். பிள்ளைகளின் பெயர் தாங்கிய சிறு தெருக்களுள்ளும் நுழையும் வழியே குடியிருப்போரின் வரலாற்றைத் தரும்.

நான்காவது, சான்று காட்டல். கல்வெட்டுத் தொகுதி, பழைய வரைபடம், ஆலயப் பதிவேடு ஆகியவற்றுள் எதனின்று செய்தி பெறப்பட்டது என்று வினவினால் விடை தரக்கூடியவராக இருத்தல் வேண்டும். இன்டாக் நிறுவனத்தின் பெங்களூர்க் கிளை 'பரிச்சய்' என்னும் பெயரில் நடத்தும் மரபு நடைகளும், அக்கிளையைச் சார்ந்த மீரா ஐயர் 2019இல் வெளியிட்ட நகர வரலாற்று நடை நூலும் இவ்வகையில் முன்மாதிரிகள். சென்னையில் எஸ். முத்தையா முதலியோர் முயற்சியால் 2004 முதல் கொண்டாடப்படும் சென்னை நாளை ஒட்டியும் இத்தகைய நடைகள் பெருகின.

இவ்வளவைகளுள் கட்டணமும் நேரமும் சேர்க்கப்படவில்லை. அவை தேவையற்றவை அல்ல. எல்லோரும் தாமே கருதுபவை ஆதலின் தனித்துக் கூற வேண்டுவதில்லை.

9. முடிவுரை

சிவாஜிநகரின் வரலாறு ஒரே மொழிக்கு உரியதன்று. கன்னட நிலத்தில், ஆங்கிலேயர் வகுத்த எல்லைக்குள், தமிழரும் தக்கணி பேசுவோரும் தெலுங்கரும் சேர்ந்து வளர்த்த ஊர் அது. அங்குத் தமிழின் பங்கை எடுத்துரைத்தல் கன்னடத்தின் உரிமைக்கு எதிரானது ஆகாது; வேப்பூரும் பேகூரும் ஒரே ஊரின் பெயர்களாக நிற்பதைப் போல, இரு மொழி வரலாறுகளும் ஒரே நிலத்தின் மீது நிற்கின்றன.

இப்பகுதியின் வழிகாட்டிகளுக்குப் பயன்படுமாறு தமிழ், கன்னடம், உருது ஆகிய மும்மொழிகளிலும் ஊர்ப்பெயர், தெருப்பெயர்க் கையேடு ஒன்றைத் தொகுத்தல் மொழி நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஒவ்வொரு பெயருக்கும் எழுத்து வடிவங்கள், மக்கள் ஒலிப்பு, வழங்கும் கதைகள், ஆவணச் சான்று, மாற்றப்பட்ட ஆண்டு ஆகியன அதில் இடம்பெற வேண்டும். பழம்பெயரைப் பேச்சில் வழங்கும் முதிய தலைமுறையினர் உள்ளபோதே அவர்தம் ஒலிப்பைப் பதிவு செய்தல் இயலும். எழுத்துச் சான்றைப் பின்னரும் தேடலாம். ஒலிப்பை அவ்வாறு தேட இயலாது.